பதினைந்தாவது பெயர்

நாலு நாளாக மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு என் முகத்தில் முழிக்காத மகளுக்கு,

சனிக்கிழமை விஸ்கான்சின் மாநிலத்து ஜெர்மன் மொழி டீச்சர்களெல்லாம் கூடினோம். உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தெரியும். இருந்தாலும் படி.

வழக்கம்போல மேஜை நிறைய காலி டப்பா. வகுப்பில் கடை வைத்து விளையாட ஜெர்மனியிலிருந்து பெட்டியில் சுமந்துவந்த தயிர் டப்பா, சாக்லேட் உறை. என் பங்குக்கு ஒரு மூட்டை காரில் நாறுகிறது.

பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வி: "அடுத்த வருஷம் உனக்கு எத்தனை பேர்?" பதினைந்து பேர் சேர்ந்தால்தான் எங்கள் பள்ளியில் ஜெர்மன் வகுப்பு உண்டு. "சரியா பதினஞ்சு," என்றேன். கைதட்டினார்கள்.

பக்கத்து ஊர் டீச்சர் லோரீன் விடவில்லை. "எப்படிடி புடிச்ச? அந்த ஐடியாவ எங்களுக்கும் சொல்லேன்!" மைக்கை வேறு கையில் திணித்தாள். நாற்பது பேர் நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். என்ன சொல்வது? மகள் மொழிப்பாடத்துக்கு ஸ்பானிஷ் என்று எழுதிய படிவத்தில் அதை அழித்து ஜெர்மன் என்று நானே எழுதினேன் என்றா?

"தயிர் டப்பாதான்..." என்று உளறிவிட்டு உட்கார்ந்தேன். கர்மம், அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இன்று காலை பள்ளி ஆபீசில் உன் படிவத்தைக் கேட்டு வாங்கி, மறுபடி ஸ்பானிஷ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது பதினாலு பேர்.

கீழே வா, சூப் ஆறுகிறது. சாப்பிட்டதும் அந்த மூட்டையைக் குப்பையில் போட ஒரு கை பிடி.

அம்மா