ரபாயேலுக்கு வேண்டிய கையெழுத்து

கொழும்பு
14.8.1963

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் மார்ஜரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று எங்கள் விவசாயச் சங்கங்களின் சம்மேளன அலுவலகத்துக்கு ரபாயேல் வந்தார். "சிங்களம் தெரியாத கிழவன் எதுக்கு?" என்று உங்களை இரத்தோட்டை ஏலக்காய்ச் சங்கத்திலிருந்து தள்ளிவிட்டுத் தலைவரானவர், என் மேசை முன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஏற்றுமதி வரி விஷயமா மந்திரியப் பார்க்கணும். நீங்கதான் நாள் வாங்கித் தரணும், தங்கச்சி."

வரியைக் குறைக்கக் கேட்டு முதல் மனுவை எழுதியவர் நீங்கள் என்பதால், அமைச்சில் அந்தக் கோப்பு இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

"அப்பா கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டாங்க, அண்ணன்," என்றேன்.

"அவர்கிட்டயா போகச் சொல்றீங்க?"

கோப்பில் உங்கள் பெயரை அவர் பெயராக மாற்ற நான் ஒரு குறிப்பு எழுதினால் போதும். எழுதவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லப் போவதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பத்திரங்களோடு உங்களிடம் வருவார். கையெழுத்துப் போடுங்கள், வரி குறைந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாக வாசித்துவிட்டுப் போடுங்கள். அதுவரை அவரை உட்காரச் சொல்ல வேண்டாம்.

இங்கே மாலையில் பேச ஆளில்லை. நம் வீட்டுக் கோப்பித்தூளாவது இருந்தால் நன்றாக இருக்கும். இரண்டு இறாத்தல் இடித்து அவரிடமே கொடுத்தனுப்புங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்து வரட்டும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

மகள்,
மார்ஜரி