தாய் இல்லாத ஒன்பது புத்தகங்கள்

ஈஸ்ட் ஹாம்,
மே 3

அன்புள்ள கௌரிக்கு,

நானும் ஹம்சாவும் சுகம். உம்முடைய சுகத்தையும் அக்கா வீட்டாரின் சுகத்தையும் அறிய ஆவல். மூன்று கிழமைக்கென்று ரொறன்ரோ போன நீர் ஏழாவது மாதமும் அங்கேயே இருப்பதால், அந்த ஊர் உமக்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடைய அழைப்புகளை நீர் எடுப்பதில்லை. ஞாயிறுகளில் ஹம்சாவோடு பத்து நிமிடம் பேசுகிறீர். நான் கரண்டியோடு குசினி வாசலில் நிற்பதால் அவள் பரீட்சை, மழை இரண்டையும் பற்றி மட்டும் சொல்கிறாள். ஆகவே கடிதம். இதைத் துண்டிப்பதற்குப் பொத்தான் இல்லை.

எழுத வந்த விஷயம் வேறு. இங்கே நூலகத்தின் வெளிக் கண்ணாடியில், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கும் புதிய புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு புத்தகம். மாசி மாதத்திலிருந்து ஹம்சா ஒவ்வொன்றாக எடுத்து வருகிறாள். பதினாலு வயதுப் பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புத்தகம் வாசிக்கிறாள். வேறொரு தகப்பன் என்றால் முருகன் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பான். எனக்குச் சந்தேகம் வந்தது.

அவள் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் நானும் வாசித்தேன். முதலாவது ஒரு நரிக்குட்டியின் கதை. தாய் நரி முதல் பக்கத்திலேயே வேறு காட்டுக்குப் போய்விடுகிறது, காரணம் சொல்லப்படவில்லை. இரண்டாவதில் ஒரு பெண்பிள்ளை கலங்கரை விளக்கத்தில் தகப்பனோடு இருக்கிறாள். அவர் வாயைத் திறந்தால் காற்று எந்தப் பக்கம் என்றுதான் சொல்வார். மூன்றாவதில் தாய் விண்வெளிக்குப் போகிறாள். அது உத்தியோக விஷயம், குறை சொல்ல முடியாது; ஆனால் இறங்கியதாக எங்கும் எழுதவில்லை. நாலாவதில் தாய் இருக்கிறாள் என்று நிம்மதியாக வாசித்துக்கொண்டு போனேன். நாற்பதாம் பக்கத்தில் அவள் ஆவி என்று தெரிந்தது.

பன்னிரண்டையும் முடித்தபோது ஒன்பதில் தாய் இல்லை. தகப்பன்மாரில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சமைக்கத் தெரியாது. ஒருவர் தினமும் ரோஸ்ரரில் பாணைக் கருக்குகிறார். நான் கருக்கியது இரண்டே தடவை.

நம் வீட்டு விஷயம் ஒரு கவுன்சில் நூலகத்துக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் கேள்வி. பட்டியலின் அடியில் ஏஞ்சலா என்று பெயர் இருக்கிறது. நூலகத்தில் வேலை செய்யும் மன்னார்ப் பெண். அவர் பூசைக்குப் போகும் அதே தேவாலயத்துக்குத்தான் பக்கத்து வீட்டுப் பஸ்தியாம்பிள்ளை அண்ணையும் போகிறார். உம்மை ஹீத்ரோவுக்குக் கூட்டிப்போனவர் அவர். மூன்று கிழமைப் பயணத்துக்கு நீர் கோடைச் சட்டைகளையும் குளிர் கோட்டையும் சேர்த்து அடுக்கிய பெட்டிகளைத் தூக்கி வைத்தவரும் அவர்தான். எனக்கு விளங்காதது அந்த மனிதருக்கு அன்றைக்கே விளங்கியிருக்கும்.

முன்னெச்சரிக்கையாக, கடைசியாக வந்த நாலு புத்தகங்களுக்கும் பழுப்புத் தாளில் உறை போட்டிருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது போடுவோமே, அதுபோல. அட்டையைப் பார்த்து பஸ்ஸில் வருகிறவர்கள் எதையும் ஊகிக்கத் தேவையில்லை. ஹம்சா உறையைப் பார்த்தாள், புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். இப்போதெல்லாம் அவள் ஒன்றும் சொல்வதில்லை. அதையும் கவனித்து வருகிறேன்.

குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீதரன்


ஈஸ்ட் ஹாம்,
மே 24

அன்புள்ள கௌரிக்கு,

முதல் கடிதம் கிடைத்திருக்கும். பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க ஹம்சா என்னையே அனுப்பினாள். நூலகத்து இயந்திரம் அவற்றை வாங்கவில்லை. அது வாசிக்க வேண்டிய கோடுகள் என் பழுப்புத் தாளுக்குள் இருந்தன. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, ஏஞ்சலா இருக்கும் மேசைக்குப் போகவேண்டியதாயிற்று.

நான் அந்த நூலகத்துக்குள் கால் வைத்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை உமக்கு நினைவிருக்கும். புதன்கிழமைகளில் எங்கே போகிறீர் என்று நான் கேட்டபோதெல்லாம் நூலகத்துக்கு என்றுதான் சொன்னீர். அது உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உம்முடைய கைப்பையைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன், கடைசியில் பின்னாலேயே பஸ் ஏறி வந்து சமையல் புத்தகத் தட்டுக்குப் பின்னால் நின்றேன். நீர் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தீர். ஒரு கரடிக்குக் குரல் கொடுத்தீர். என்னைக் கண்டதும் கரடி பேச்சை நிறுத்திவிட்டது.

அடுத்த கிழமை டிக்கெற் எடுத்தீர். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்கு அப்போது படவில்லை. எல்லாவற்றையும் சந்தேகித்தவன் அந்த ஒரு இடத்தில் அசட்டையாக இருந்துவிட்டேன்.

ஏஞ்சலாவுக்கு என்னைத் தெரிந்திருந்தது. எங்கள் குடும்ப விஷயம் இந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தது, யார் சொன்னது என்று கேட்டேன். பட்டியல் லண்டனிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது என்றார். இப்போது வரும் புத்தகங்களில் தாய்மார் தங்குவது குறைவாம். தாய் வீட்டில் இருந்தால், சாப்பிட்டியோ, சுவெற்றர் போட்டியோ என்று கேட்டு எந்தச் சாகசத்தையும் வாசற்படியிலேயே முடித்துவிடுவாளாம். எழுதுகிறவர்களுக்கு அது பெரிய இடைஞ்சலாம்.

அப்படியென்றால் ஹம்சா ஏன் இந்தப் பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டேன். பிள்ளைகள் தங்களுக்கு எப்படிப்பட்ட புத்தகம் வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போடலாம், ஹம்சாவும் போட்டிருக்கிறாள் என்றார். என்ன எழுதியிருந்தாள் என்றேன்.

"அது சொல்லேலாது அண்ணை. பிள்ளையள் எழுதிற சீட்டைத் தாய் தேப்பனுக்குக் காட்டுறேல்லை."

பிறகு, உறைகளைக் கழற்றித் தரச் சொன்னார். அங்கேயே நின்று கழற்றினேன். மூன்றாவது புத்தகத்தின் தாளை உரித்தபோது, முன்னட்டையின் பிளாஸ்ரிக் மடிப்பில் செருகியிருந்த ஒரு சீட்டு மேசையில் விழுந்தது. எல்லாப் பக்கத்தையும் புரட்டித் தேடியவன் நான். அந்தச் சீட்டின் மேல்தான் தாளை மடித்து, விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டியிருக்கிறேன்.

ஹம்சாவின் கையெழுத்து. அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "அம்மா திரும்பி வருகிற புத்தகம் வேண்டும். கனவில் வரக்கூடாது. கடைசிப் பக்கத்திலும் வேண்டாம். நடுவில் வரவேண்டும். வந்த பிறகு வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்க வேண்டும்."

கீழே ஏஞ்சலாவின் பதில்: "மன்னிக்கவும், புதியவற்றில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. தொடர்ந்து தேடுகிறேன். அதுவரை இதை வாசித்துப் பாருங்கள். இதில் அம்மா வருவதில்லை, ஆனால் ஒரு நாய் வருகிறது."

வாசிக்கக் கூடாது என்று ஏஞ்சலா சொல்லியிருந்தது பாதிக்கு மேல் போனபிறகுதான் நினைவுக்கு வந்தது. மிச்சத்தையும் வாசித்துவிட்டேன். அவர் மற்றப் பக்கம் திரும்பி வேறு மூன்று புத்தகங்களை அடுக்கினார்.

அந்த நாய்க் கதையை நானும் வாசித்தவன்தான். நல்ல நாய்.

இப்படிக்கு,
ஸ்ரீதரன்


ஈஸ்ட் ஹாம்,
ஜூன் 7

அன்புள்ள கௌரிக்கு,

சீட்டைப் பார்த்த விஷயத்தை ஹம்சாவிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் பிடித்தது. சனிக்கிழமை, அவள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சட்னியைத் தொட்டுக்கொண்டே, தெரியும், நீங்கள் பார்க்கத்தான் அதை எடுக்காமல் விட்டேன் என்றாள். புத்தகங்களை நான் வாசிப்பதும் அவளுக்கு முதல் கிழமையே தெரியுமாம். அதனால்தான் பட்டியல் முழுவதையும் ஒன்றும் விடாமல் எடுத்து வந்தாளாம். அவளுடைய போனைப் பார்க்கிறவர், அவளுடைய பையைப் பார்க்கிறவர், வாயால் சொன்னால் மட்டும் நம்பாதவர் புத்தகத்தையாவது நம்புவார் என்று பார்த்தாளாம்.

பன்னிரண்டு புத்தகம் வாசித்தேன், கௌரி. ஒன்பது தகப்பன்மாரையும் முட்டாள் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

பிறகு அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மாவுக்கு ஒரு லெற்றர் எழுதோணும். நீங்கள் வாசிக்காமல் போடுவீங்களோ அப்பா?"

ஓம் என்று சொல்வதற்கு எனக்கு எடுத்த நேரத்தை அவள் கவனித்திருப்பாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் குசினியில் நின்று, சுத்தமாக இருந்த ஒரு சட்டியை மறுபடியும் கழுவினேன்.

அவள் தந்த கடிதத்தை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். தனி உறைக்குள் இருக்கிறது. மடிப்பைச் செலோரேப் போட்டு ஒட்டி, அதற்குக் குறுக்கே மூன்று இடத்தில் கையெழுத்தும் வைத்திருக்கிறாள். இந்தப் புத்தியை யாரிடமிருந்து எடுத்தாள் என்று கேட்காதேயும்.

தடிப்பை வைத்துப் பார்த்தால் மூன்று தாள் இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பிடித்தேன், உடனே இறக்கிவிட்டேன். உமக்குப் பொய் எழுதக்கூடாது.

நேற்று ஏஞ்சலாவைக் கண்டேன். புதன்கிழமைக் கதை நேரத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். ஒரு சின்னப் பிள்ளை கரடிக்கு எப்போது சுகம் வரும் என்று கேட்டதாம். இதைக் காரணமாக வைத்து உம்மைக் கூப்பிடவில்லை. செய்தியாகத்தான் எழுதுகிறேன். இனிமேல் புதன்கிழமைகளில் நான் பஸ் ஏறமாட்டேன் என்பதும் செய்திதான்.

முதலில் அந்த உறையின் ஒட்டைச் சரிபாரும். மூன்று கையெழுத்தும் நேராகப் பொருந்துகிறதா என்று வடிவாகப் பாரும். பொருந்தினால் பதில் எழுதும், எனக்கு வேண்டாம், ஹம்சாவுக்கு. அதை நீரும் இறுக்கி ஒட்டி அனுப்பும். வந்ததும் அவளுடைய மேசையில் அப்படியே வைத்துவிட்டு, அவளாகச் சொல்லும்வரை குசினியில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஸ்ரீதரன்