நானூற்று முப்பத்தைந்தாம் நாளில் நடந்த விபத்து

அனுப்புநர்
மு. ஜஸீமா (வயது 47),
முதலுதவி அறைச் செவிலியர்,
நெய்தல்கரை கெமிக்கல்ஸ் பிரைவேட் லிமிடெட்,
எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்,
சென்னை.

பொருள்: 14.11.2024 அன்று ஆலையில் நடந்த விபத்து மறைக்கப்பட்டது – அதற்குக் காரணமான ஊக்கத்தொகை ஏற்பாடு – விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஆலையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். காயம்பட்டு வருபவருக்குச் சிகிச்சை அளித்து, அதைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

2. 2023 ஜூனில் திரு. கருணாகரன் ஆலைத் தலைவராகப் பொறுப்பேற்றார். முதல் கூட்டத்திலேயே, "என் சம்பளத்துல பாதி உங்க கையிலதான் இருக்கு" என்று சிரித்தபடி சொன்னார். ஆலை நிற்காமல் ஓட வேண்டும். விபத்தில்லா நாட்கள் கூட வேண்டும். இவ்விரண்டையும் வைத்தே நிர்வாகம் அவருக்கு ஆண்டு ஊக்கத்தொகை தருகிறது. விபத்தில்லாமல் ஐந்நூறு நாட்கள் கடந்தால் தொழிலாளர் அனைவருக்கும் தங்கக் காசு என்றும் அறிவித்தார். அந்த எண்ணிக்கை 07.09.2023 அன்று தொடங்கியது. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

3. அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த ஆண்டு உற்பத்தி உயர்ந்தது. தலைமை அலுவலகம் அவரைப் பாராட்டியது. ஆனால் அக்டோபரில் இருபது நாட்கள் ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு எட்டே நாட்களில் முடிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அதுவும் நடக்கவில்லை. நிதியாண்டு முடியட்டும் என்று ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டது. கசிந்துகொண்டிருந்த பம்புகளுக்கு ரப்பர் ஷீட்டைச் சுற்றி கிளாம்ப் போட்டு ஓட்டினார்கள்.

4. இதற்கிடையில் என் அறைக்கு யாரும் வருவதில்லை என்றானது. பாதுகாப்பு கூடிவிட்டது என்று நம்பி மகிழ்ந்தேன். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில், எங்கள் ஃபிட்டர் ஒருவர் வெட்டுப்பட்ட விரலில் பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு இருவர் வந்து, "சிஸ்டர், கட்டு மட்டும் போடு, எழுதிடாதே" என்று கெஞ்சினார்கள். கட்டுப் போட்டேன். எழுதவில்லை. இது என் குற்றம்.

5. 14.11.2024 காலை 10.40 மணிக்கு, அப்படிக் கட்டி ஓட்டிய பம்பு ஒன்றின் சீல் வெடித்து, ஆபரேட்டர் ஜெரால்ட் (வயது 31) முகத்தில் சூடான காஸ்டிக் சோடா கரைசல் அடித்தது. கண் கழுவும் குழாயில் இரண்டு நிமிடம்தான் தண்ணீர் வந்தது. குடிநீர்க் கேன்களைக் கவிழ்த்துக் கழுவினேன். "சிஸ்டர், கண்ணு தெரில, கைய வுடாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் போனால் கேட்டில் பதிவாகும் என்று, அவரை ஆட்டோவில் அனுப்பினார்கள். வீட்டில் காஸ்டிக் சோடா ஊற்றிக் கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்தபோது தெறித்ததாக மருத்துவமனையில் சொல்லப்பட்டது. இடது கண் பார்வை போய்விட்டது.

6. நடந்ததை நடந்தபடி பதிவேட்டில் எழுதினேன். ஆலைத் தலைவர் என் அறைக்கு வந்து, "ஒரு பக்கம்தானே சிஸ்டர், இதுக்காக எல்லாரோட நானூத்தி முப்பத்தஞ்சு நாள் உழைப்பையும் வீணாக்கணுமா?" என்று கேட்டார். மாற்றி எழுத மறுத்தேன். மறுநாள் என் மேசையில் புதிய பதிவேடு இருந்தது, பழையதைக் காணவில்லை. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் எடுத்து வைத்திருந்தேன்.

7. ஜெரால்டின் மனைவி தேவகிருபையைக் கொருக்குப்பேட்டையில் சென்று பார்த்தேன். "நீ நல்லதுக்குத்தான் சொல்றே சிஸ்டர். ஆஸ்பத்திரி செலவு கம்பெனிதான் பாத்துகினு கீது. வேற வேலை தரேன்னும் சொல்லிகீறாங்கோ. நீ எழுதிக் குடுத்துட்டேன்னா எங்க கதி இன்னா?" என்றார். வீட்டில்தான் விபத்து என்று ஜெரால்டே கையெழுத்திட்டுவிட்டார். ஆலையில் நடந்தது என்று சொல்ல இன்று நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

8. 18.01.2025 அன்று ஐந்நூறாம் நாள் விழா நடந்தது. தங்கக் காசை நான் வாங்கவில்லை. அன்று முதல் கேன்டீனில் நான் உட்காரும் மேசையில் வேறு யாரும் உட்காருவதில்லை. பத்தொன்பது வருடம் என்னை அக்கா என்றவர்கள், தட்டை எடுத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை.

9. ஆகவே தாங்கள்,
அ) முன்னறிவிப்பின்றி ஆலையை ஆய்வு செய்து, பராமரிப்பு முடியும்வரை அந்தப் பம்புகளை நிறுத்தவும்,
ஆ) ஜெரால்டுக்கு நேர்ந்ததை ஆலை விபத்தாகப் பதிவு செய்து, நிர்வாகத்தின் தயவில் அல்லாமல் சட்டப்படி அவருக்குரிய இழப்பீடு கிடைக்கச் செய்யவும்,
இ) விபத்தில்லா நாட்களுக்கும் ஆலை நிற்காமல் ஓடும் நாட்களுக்கும் ஊக்கத்தொகை தரும் ஏற்பாட்டைக் கைவிட நிர்வாகத்தை அறிவுறுத்தவும் வேண்டுகிறேன். திரு. கருணாகரன் ஏப்ரலில் பதவி உயர்வுடன் வேறு ஆலைக்குச் செல்கிறார். அடுத்து வருபவருக்கும் இதே ஒப்பந்தம்தான் என்று கேள்விப்படுகிறேன்.
ஈ) நான் எழுதாமல் விட்ட இரண்டு காயங்களுக்காக என் மீதும் நடவடிக்கை எடுக்கலாம்.

10. விவரம் கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கு நான் வந்தபோது, கூட்டு மனுவாக இருந்தால் மதிப்பு என்று அங்கே மனு கொடுக்க வந்திருந்த ஒருவர் சொன்னார். பதினொரு பேரிடம் இதை நீட்டினேன். ஒன்பது பேர் படிக்காமலே திருப்பித் தந்தார்கள். ஒருவர் முழுவதும் படித்து அழுதார். இன்னொருவர் பேனாவைக் கையில் எடுத்து, சற்று நேரம் வைத்திருந்து, மூடித் தந்துவிட்டார். எனவே இது ஒரே கையெழுத்துடன் வருகிறது. தாங்கள் இதையே போதுமானதாகக் கொள்ள வேண்டும்.

இணைப்பு: பதிவேட்டுப் பக்கத்தின் புகைப்பட நகல் – 1

இடம்: திருவொற்றியூர்
நாள்: 24.02.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
மு. ஜஸீமா