சிம்பாங்கில் நின்ற தொழிற்சாலை பஸ்

அன்புள்ள திலகாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை நன்றாகவே நடக்கிறது.

என்னிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் அப்பா குணாளன். மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட்டதால் செனாவாங் தொழிற்சாலைக்குத் தாமதமாகப் போய், இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கிவிட்டான். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். டாக்சிக்கு வசதியில்லை. ஆனால் அதே தொழிற்சாலையின் பஸ் தினமும் நம் தோட்டத்துப் பாதை பெரிய சாலையில் சேரும் சிம்பாங்கைத் தாண்டித்தான் போகிறது.

"அது வங்காளதேசத்துலேர்ந்து வேலைக்கு வந்த ஆளுங்க பஸ் சார், நம்மள ஏத்த மாட்டான்லா" என்றான். யாராவது கேட்டதுண்டா என்றால், ஒருவரும் கேட்டதில்லை! வகுப்பில் கையே தூக்காமல், "சார் என்னைக் கேட்கவே இல்லை" என்று அழும் பிள்ளை போலத்தான்.

திங்கட்கிழமை விடியலில் நானே சாலையோரம் நின்று கை காட்டினேன். தூறல்தான், குடை இருந்தது, பயப்படாதே. பஸ் நின்றது. ஓட்டுநர் மைக்கல்ராஜ் சிரித்தார். "கம்பெனி கார்டு இருந்தா யாரும் சும்மாவே ஏறலாம் சார். பாதி சீட்டு காலியாத்தான் போவுது. இங்க எவனும் கை காட்டலயே!"

இன்று குணாளனோடு இன்னும் நான்கு அப்பாக்கள் ஏறினார்கள்.

என் பழைய கண்ணாடியையும் உன் எலுமிச்சை ஊறுகாயையும் அனுப்பு. ஒற்றை ஆளாகச் சாப்பிட்டால் கடை ஊறுகாய் இறங்கவில்லை. தபாலுக்குப் போகிறவர் வாசலில் காத்திருக்கிறார்.

இதோ, குணாளன் போனில் கத்துகிறான்: "ஏழு மணி வேலைக்கு ஆறே முக்காலுக்கே கேட்டுல கார்டு தட்டிட்டேன் சார்! சூப்பர்வைசர் தன் கடிகாரத்த ரெண்டு தடவ பாத்தாரு!"

உன்,
தர்மேந்திரன்