தன் பிரிவுபசாரத்துக்குக் கைதட்டியவர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலம் என்று நம்பிக்கொள்கிறேன். நம்பத்தான் முடிகிறது. போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை, நேரில் வந்தால் அண்ணன் தூங்குகிறார் என்று வாசலோடு திருப்பி அனுப்புகிறீர்கள். எந்த மனுஷர் இவ்வளவு தூங்குவார் அண்ணி? அதனால்தான் கடிதம். இதையாவது வாசலில் நிற்க வைக்க மாட்டீர்கள்.

பட்டறை ஓடுகிறது. டப்பா மூடிகளுக்கு ஆர்டர் குறையவில்லை. மகன் புதிதாக பிரஸ் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறான். பழையதைவிடச் சத்தம் அதிகம் என்று ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. விஷயமே அதுதான்.

அண்ணன் காதைப் பார்த்த அதே டாக்டரிடம் போனேன். இரண்டு காதும் போய்க்கொண்டிருக்கிறதாம். காலமெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்றதற்குக் கூலி என்றார். என் மனைவி ஏதோ சொல்கிறாள், திரும்பக் கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறாள். அது எவ்வளவு வலிக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் அண்ணனிடம் ஒருநாளும் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவளுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எனக்கு அண்ணனைப் பார்க்க வேண்டும். மன்னித்தேன் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும்.

உங்கள் கொழுந்தன்

மார்ச் 11

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். பொய் எதற்கு.

உன் காது போகிறது என்று படித்ததும் என் வயிறு குளிர்ந்தது. கொஞ்ச நேரம் போனால் பாவம் என்று தோன்றும் என நினைத்தேன். சமைத்து முடித்தேன், துணி உலர்த்தினேன், தோன்றவில்லை. கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் காதில் மாட்டும் மெஷின் சத்தத்தைக் கொடுக்கும், வார்த்தையைக் கொடுக்காது. பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், உதடு தெரிய வேண்டும், அப்போதுதான் அவருக்குப் புரியும். இது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான், நீங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய பட்டறைக்கு வியாபாரிகள் வந்தால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாய். என்னவென்று கேட்டால், "அப்புறம் சொல்றேண்ணே." அந்த அப்புறம் வந்ததே இல்லை. அவரும் எதற்கெடுத்தாலும் சிரித்துத் தலையாட்டப் பழகிக்கொண்டார். எத்தனை தரம்தான் ஒரு மனுஷர் கூசாமல் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருப்பார்?

பட்டறையில் அந்த விழா நடந்த அன்று ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம மெஷின்காரர் யாரோ ஓய்வு பெறுறார் போல. ஆளாளுக்குப் பேசினாங்க. நானும் நல்லாக் கைதட்டினேன். எனக்கும் ஒரு பரிசு குடுத்தாங்க" என்றார். பெட்டியைப் பிரித்தவள் நான். உள்ளே சுவர்க் கடிகாரம். அதன் மேல் உன் அண்ணன் பெயர், ஓய்வு நாள் வாழ்த்து.

தன் பிரிவுபசாரத்துக்குத் தானே கைதட்டிவிட்டு வந்திருக்கிறார். அதை அவருக்கு யார் சொல்வது? நான்தான் சொன்னேன். தோளைத் தொட்டு, என் பக்கம் திருப்பி உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னேன். முதல் தரம் புரியவில்லை, இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. உன் மனைவிக்குச் சொல்லிக்கொடு என்கிறாயே, அந்த வேலை இப்படித்தான் இருக்கும்.

மன்னிப்பு என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு வைக்கிறேன். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, செய்ததையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நீ திணறுவதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அடித்தால் என்ன, நான் 'அன்புள்ள' என்றே எழுதுகிறேன்.

நான் அவ்வளவு பெரிய வஞ்சகன் இல்லை. பெரிய ஆர்டர் கொடுக்கிறவர், "உங்க அண்ணனோட பேசவே முடியல" என்று முறுக்கிக்கொண்டார். மகனுக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. பட்டறையை விட்டு ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று விழாவுக்கு முன்தினம் அண்ணனிடம் சொன்னேன், தலையாட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் காதில் விழவில்லை என்று உள்ளூர எனக்குத் தெரியும். மறுபடி சொன்னால் மாட்டேன் என்பாரோ என்று பயந்து சொல்லாமல் விட்டேன்.

போன வாரம் மகன் ஒரு வியாபாரியோடு பேசிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நானும் தலையாட்டி வைத்தேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஞாயிறு வருகிறேன்.

உங்கள் கொழுந்தன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று உங்கள் வீட்டுப் படி இறங்கும்போது மனசு லேசாகிவிட்டது. வாயை மறைத்ததிலிருந்து கடிகாரம் வாங்கியது வரை ஒன்றையும் ஒளிக்கவில்லை. நீங்களே பார்த்தீர்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு பொறுமையாகக் கேட்டாரே, அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை முட்டியது. முடித்ததும் தலையாட்டினார். "சாப்பிட்டுப் போறியா?" என்று கேட்டார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லைதான். அண்ணன் எப்போதும் அப்படித்தானே. இனி பழையபடி போக வர இருப்போம். என் மனைவியை எப்போது அழைத்து வரட்டும்?

உங்கள் கொழுந்தன்

மார்ச் 24

தம்பிக்கு,

உன் மனைவியை எப்போது வேண்டுமானாலும் அனுப்பு. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லித் தருகிறேன். நீ வராதே.

அவளுக்குச் சொல்லவேண்டிய முதல் விஷயத்தை உனக்கும் எழுதுகிறேன். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவர் கண்ணை மூடினால், காதைப் பொத்திக்கொண்டார் என்று அர்த்தம்.

"அண்ணே, நான் உங்களுக்கு" என்று ஆரம்பித்தாய். அவர் கண்ணை மூடிவிட்டார். காதில் மெஷினும் இல்லை, நீ வருவதற்கு முன்பே கழற்றி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நீ கொட்டியதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை.

மற்ற நாளாக இருந்தால் அவர் பார்வை கொஞ்சம் நகர்ந்தாலே தோளைத் தொட்டுத் திருப்பிவிடுவேன். பால்காரர் பேச்சைக்கூட அவருக்கு விடாமல் சொல்கிறவள் நான். அந்த ஞாயிறு மட்டும் என் கை மடியை விட்டு எழவில்லை. நீ அழுதாய், மூக்கைச் சிந்தினாய், சொன்னதையே திரும்பச் சொன்னாய். ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு இதமாக இருந்தது. நீ முடித்ததும் காலால் தரையைத் தட்டினேன். அதிர்வு தெரிந்து கண்ணைத் திறந்தார்.

நீ போன பிறகு ஜன்னலோரம் வந்து, என் முகத்தைக் காட்டிக் கேட்டேன்: "அவ்வளவு தூரம் வந்து அழுதானே, என்ன சொல்றான்னு ஒரு தடவ பாத்திருக்கலாமே?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாத்திருந்தா மன்னிச்சிருப்பேன். தம்பியாச்சே. அதான் பாக்கல."

அண்ணி