பன்னிரண்டு பேருக்கு ஒரு கையெழுத்து

ஜூன் 8, திங்கள்

விடியும்போதே காற்று. பெருக்கப் பெருக்க வாசலில் மணல்.

எங்களை ஏமாற்றிவிட்டார்கள். முதலில் அதை எழுதிவைக்கிறேன். துறைமுகத்தில் கையால் மூட்டை இறக்கும் வேலை நின்றுபோய், எங்கள் கேங் பன்னிரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தோம். வேலை போனவர்களுக்கு மறுபயிற்சி, செலவு அரசுடையது என்றார்கள். பெட்டி தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்றுத்தருவதாக ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் நாற்பது நாள் உட்கார வைத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஒரு நாளும் வரவில்லை. சுவரில் படம் காட்டினார்கள். தலைக்கு இவ்வளவு என்று அரசு நிதி மட்டும் அவர்களுக்குத் தவறாமல் வந்தது.

இன்று பயிற்சி நிலையத்துக்குச் சான்றிதழ் கேட்டுப் போனோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்களாம். சொல்லும்போதும் நிலையத்து மேலாளர் முகத்தில் வழக்கமான சிரிப்பு.

கூட சூசை வந்திருந்தான். கேங்கில் அவனைப் போல வேலைக்காரன் கிடையாது. மூன்று பிள்ளைகள். மீன் ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழோடு மாதக் கடைசிக்குள் போக வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்

வேலைவாய்ப்பு அலுவலகம். பத்து மணி என்றவர்கள் வந்தது பதினொன்றரைக்கு. அவர்களுக்கு மின்விசிறி, நமக்கு வராண்டா மணல்.

அதிகாரி ஒரு பெண். வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அண்ணாச்சி, பன்னெண்டு பேரு, நாப்பது நாளு. எல்லாக் கையெழுத்தும் ஒரே ஆளு போட்ட மாதிரி இருக்கு. யாரு போட்டா?"

"நான்தான்."

மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கப்பலில் முப்பது வருஷம் அதுதான் வழக்கம். கேங் வேலைக்கு இறங்கினால் சீட்டில் ஒரே கையெழுத்து, மேஸ்திரியான என்னுடையது. அத்தனை பேருக்கும் நான் பொறுப்பு என்று அர்த்தம். ஆள் குறைந்தால் குறைத்து எழுதுவேன். ஒருவன் காலில் மூட்டை விழுந்தால் என்னைத்தான் கேட்பார்கள். நான் எழுத்துப் படித்ததே மூட்டை மேலிருந்த அச்சைப் பார்த்து. அந்தக் கையெழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பயிற்சி நிலையத்தில் முதல் நாள் மேலாளர் சொன்னான்: "எல்லாரையும் எதுக்கு வரிசையில நிப்பாட்டணும், நீங்களே போட்டுருங்க மேஸ்திரி." போட்டேன். வேலை போன பிறகு என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

அதிகாரி சொன்னது:
போட்டவர் எழுதிக் கொடுத்தால் மற்ற பதினொரு பேரையும் இந்தப் பதிவிலிருந்து விடுவிக்கலாம், அவர்கள் வேறு பயிற்சியில் சேரலாம்.
அரசு ஐ.டி.ஐ.யில் சேர வெள்ளிக்கிழமை கடைசி. அங்கே வண்டி இருக்கிறது.
எழுதிக் கொடுப்பவருக்கு மூன்று வருஷம் எந்தப் பயிற்சியும் கிடையாது.

"உங்களுக்கு வயசு என்ன அண்ணாச்சி?"

ஐம்பத்து நாலு என்றேன். பயிற்சிக்கு வயது வரம்பு ஐம்பத்தைந்து. அவரும் கணக்குப் போட்டிருப்பார். மேஜையைப் பார்த்துக்கொண்டார்.

ஜூன் 10, புதன்

மேலாளர் போன் செய்தான். ஆளுக்கு ஒரு தாளில் 'என் கையெழுத்தை நானே போட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் போதுமாம், பன்னிரண்டு சான்றிதழும் வந்துவிடுமாம். எனக்கும் சேர்த்து. போனை வைத்தேன்.

நாற்பது நாளில் கற்றது: தன்னை அறிமுகம் செய்வது. கை குலுக்குவது. நேர்முகத் தேர்வில் சிரிப்பது. சிரிப்புக்கு மட்டும் நாலு நாள்.

இதைக் கேட்டு என் மனைவி, "நாலு நாளு சிரிக்கப் படிச்ச மூஞ்சியா இது?" என்றாள்.

"ஏளா, சும்மா கிட."

மத்தியானம் சூசை வந்தான். அவனுக்கும் போன் போயிருக்கிறது.

"எழுதிக் குடுத்திருவோம் அண்ணாச்சி. கடுதாசி இருந்தா சேத்துக்கிடுவாக. ஓட்டுதத அங்கன போயி படிச்சுக்கிடுதேன்."

"எவன் தலையில வண்டிய ஏத்திப் படிப்ப?"

"உங்களுக்கென்ன, மவன் திருப்பூர்ல சம்பாதிக்கான். என் வீட்ல வந்து பாருங்க."

டீயைத் தொடாமல் போய்விட்டான். அவன் சொன்னது பொய்யில்லை. அதற்காகப் பொய் எழுத முடியாது.

கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 11, வியாழன்

சூசையை வீட்டில் போய்க் கூப்பிட்டேன். எங்கே என்று கேட்காமல் வந்தான். அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன கிடங்குக்கே கூட்டிப்போனேன். கேட்டில் காவலுக்கு நின்றவர் தெரிந்தவர், ஓரமாக நிற்க விட்டார்.

ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பெட்டிகளை இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து வந்தது. ஐந்தடி தள்ளி ஒரு பெண் குனிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓட்டுபவன் திரும்பிப் பார்த்து நிறுத்தி, அவள் நகர்ந்த பிறகு பெட்டிகளை இறக்கினான்.

"ஏலே, இறக்குதது எந்த லிவர்?"

சூசை கொஞ்ச நேரம் பார்த்தான். "தெரியல."

"எனக்கும் தெரியல. நாப்பது நாளு படிச்சவனுக ரெண்டு பேரு நிக்கோம்."

சிரித்தான். பிறகு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது கேட்டான்: "ஐ.டி.ஐ. முடிய மூணு மாசமாவும். அதுவரைக்கும் இவுக எடத்த வச்சிருப்பாகளா?"

"தெரியாது."

"நீங்க என்ன செய்விய?"

"கையெழுத்துப் போட்டவன் நான்."

வீடுவரை நடந்தே வந்தோம். முகத்தில் காற்று.

ஜூன் 12, வெள்ளி

ஐந்து மணிக்கு எழுந்து கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் நான் செய்தது, இரண்டாம் பக்கத்தில் அவர்கள் செய்தது. அடித்தல் இல்லை.

இன்று ஆக வேண்டியவை:

நான்: பத்து மணிக்குக் கடிதத்தை நேரில் கொடுக்க வேண்டும். தபாலில் போடக் கூடாது. முத்திரை வைத்த நகல் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது.

அதிகாரி: பதினொரு பேரையும் இன்றே விடுவிக்க வேண்டும். திங்கட்கிழமை என்றால் வராண்டாவிலேயே உட்கார்ந்துகொள்வேன்.

மேலாளர்: வராத வண்டிக்கு வாங்கிய நிதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்ட மாட்டான். கட்டும்வரை மாதம் ஒரு மனு. அது என் வேலை.

சூசை: ஐ.டி.ஐ.யில் சேர்ந்த சீட்டோடு கிடங்குக்குப் போய் மூன்று மாதம் தவணை கேட்க வேண்டும். தனியாகப் போக வேண்டும். நான் கூடப் போனால் சண்டை வரும்.

பதினொரு பேரும்: விண்ணப்பத்தில் அவனவன் கையெழுத்தை அவனவன் போட வேண்டும். வரிசை எவ்வளவு நீளமானாலும் சரி. பேனாவை என்னிடம் நீட்டக் கூடாது.