செப்புத் தவலையில் போன சக்களத்தி

14 ஜூன் 1964, ஞாயிறு. செமின் கிரனியே
நாற்பத்தாறு வயதில் எனக்கொரு சக்களத்தி வாய்த்திருக்கிறாள். எலும்பு கிடையாது, கண் கிடையாது, கால் ஒன்றே ஒன்று. பெயர் கடல் சாமந்தி. பார்த்தால் பூ, உண்மையில் பிராணி. பக்கத்து வீட்டு மொனிக்கின் கண்ணாடித் தொட்டியில் ஒட்டிக்கொண்டு இறால் தின்கிறது. என் வீட்டுக்காரர் தனராஜ் தினமும் விடியலில் சைக்கிள் மிதித்துப் போய் அதற்குக் கடல் தண்ணீர் கொண்டுவருகிறார். எனக்கு ஒரு வாளி தூக்கச் சொன்னால் மட்டும் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

17 ஜூன்
தையல் மெஷினை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்றேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான். மொனிக் ஒரு வரி கேட்கிறாள், இவர் பத்து வரி பேசுகிறார்! வீட்டில் ‘உம்’முக்கு மேல் வராத வாய்.

19 ஜூன்
மொனிக் தீவின் வடகோடியில், கிராண்ட் பேயில் இருக்கும் அக்கா வீட்டோடு குடிபோகிறாளாம். பாயசம் வைத்தேன். “என்ன விசேஷம்?” என்றார். “வெள்ளிக்கிழமை” என்றேன்.

தொட்டியை அவள் கொண்டுபோகவில்லை. சாமந்தியை எடுத்து சுயாக் கடற்கரைப் பாறைக் குட்டையில் விடுவது இவர் பொறுப்பு.

23 ஜூன்
“பிடுங்கி எடுத்தா ஆச்சு. இதுக்கு ஒரு வாரமா?”

“கால் கிழிஞ்சா செத்துடும், பாக்கியம். அதுவா நகரணும்.”

தொட்டியின் பாதிக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருக்கிறார்கள். வெளிச்சப் பக்கம் ஒரு கல். சாமந்தி வெளிச்சம் தேடி நடந்து கல்லில் ஏறினால், கல்லோடு தூக்கிவிடலாம். துணி யாருடையது? தெருக்கோடி கொலெட் தன் மாமியார் சாவுக்கு உடுப்புத் தைக்க என்னிடம் கொடுத்தது. என் அலமாரியிலிருந்து போயிருக்கிறது.

26 ஜூன்
ஒரு விரல்கடை நகர்ந்ததாம். சாப்பிடாமல் வந்து சொல்கிறார்.

27 ஜூன்
ஏறிவிட்டது. மொனிக் கை தட்டினாள். நாளைக்கு அதைத் தூக்கிப்போக எனாமல் வாளி வேண்டுமாம். எனாமல் உதிர்ந்து, கயிற்றில் கைப்பிடி கட்டிய வாளி. அதையா அவள் முன்னால் நீட்டுவேன்? என் கல்யாணச் செப்புத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம். பார்த்தேன், தேய்க்காமலே இருந்திருக்கலாம்.

28 ஜூன்
நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சாமான் லாரியில் மொனிக் எங்களுக்கு முன்னாலேயே ஏறிக் கிளம்பிவிட்டாள். தவலையைப் பார்க்கக்கூட இல்லை. பஸ் ஹாரன் அடிக்க, இவரும் அவசரத்தில் கல்லைத் தவலைக்குள் இறக்கிவிட்டார். கூடவே நானும் பஸ் ஏறினேன். பாதி வழியில், மேலே மூடியிருந்த வாழையிலையை விலக்கிப் பார்த்தவர் முகம் செத்துப்போனது. சாமந்தி சுருங்கி, சளி கட்டி, வெறும் முடிச்சாகக் கிடந்தது.

“செம்பா? ஐயோ, பாக்கியம்! செம்பு அதுக்கு விஷம்னு மொனிக் உன் முன்னாலதானே சொன்னா!”

சொன்னாள். அப்போது நான் அவள் காதுத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேணும்னு செய்யலைங்க.”

“பெருமைக்குச் செஞ்சே.”

“ஆமா, செஞ்சேன்! அவகிட்ட மட்டும் அப்படி என்னதான் பேசுறீங்க?” பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“அவ கேப்பா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருப்பா. நீ பாதியிலே ஒரு கிண்டல் பண்ணுவே, எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அப்புறம் என்னத்தைச் சொல்ல?”

சுயாக்கில் அவருக்கு முன்னால் நான் இறங்கி ஓடினேன். புடவையோடு குட்டையில் இடுப்பளவு நின்று, கல்லை இரண்டு கையாலும் அடியில் வைத்தேன். அது விரியவில்லை.

30 ஜூன்
பேச்சு இல்லை. அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. நான் யாரையும் கிண்டல் பண்ணாததால், தெருவில் எனக்குக் காய்ச்சல் என்று பேச்சாம்.

5 ஜூலை, ஞாயிறு
சொல்லாமல் சுயாக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் அவரும் நின்றிருந்தார்.

குட்டையில் கல் இருந்தது. சாமந்தி இல்லை. பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “கொன்னுட்டேனா?”

இடுப்பு நனைய இறங்கிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “செத்திருந்தா கல்லுலேயே அழுகிக் கெடக்கும். கல்லு சுத்தமா இருக்கு. நடந்து போயிருக்கு.”

“எந்தப் பக்கம் போயிருக்கும்?”

சந்தேகமாக என்னைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வெயில் படும் பக்கம், நீரோட்டம், பாறை இடுக்கு, அது ஒரு நாளில் நடக்கும் தூரம். பதினொரு மணி பஸ் போனது. பன்னிரண்டு மணி பஸ்ஸும் போனது. நடுவில் சொல்ல எனக்கு மூன்று நல்ல கிண்டல்கள் வந்தன. இங்கேகூட எழுதப்போவதில்லை.